ஆராயப்படும் நகரம், ஆராய வராத பிள்ளைகள்

சென்னை நகரத்து ராதா கிருஷ்ண பஜனைகளைப் பற்றி சிகாகோ பல்கலைக்கழகத்து மில்டன் சிங்கர் 1960-களில் எழுதினார். சென்னையின் ஏழைப் பெண்கள் எப்படிப் பிள்ளை பெறுகிறார்கள், அரசு மருத்துவமனை அவர்களை எப்படி நடத்துகிறது என்பதை செசிலியா வான் ஹாலன் 2003-இல் நூலாக்கினார். கோடம்பாக்கத்தில் ஒரு படம் உருவாகும் விதத்தை ஆனந்த் பாண்டியன் 2015-இலும், தமிழ் சினிமாவின் பின்னணிக் குரல்களை அமாண்டா வைட்மன் 2021-இலும் எழுதினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 'மெரிட்' என்ற பேச்சுக்குள் சாதி எப்படி ஒளிந்திருக்கிறது என்று அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் ஒரு நூலில் விரித்துரைத்தார். ஐவரும் மானிடவியலாளர்கள். ஐவரும் அமெரிக்கக் கல்வி நிறுவனங்களில் இருந்துகொண்டு எழுதியவர்கள்.

இதே சென்னையின் மயிலாப்பூரில், அடையாறில், பிளஸ் டூ முடித்த ஒரு பெண் மானிடவியல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? முதலில் அது என்ன படிப்பு என்ற கேள்வி வரும். அடுத்து, "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பது வரும். இரண்டாவது கேள்வியைக் கேட்கும் பெற்றோரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நான்கைந்து ஆண்டுப் படிப்புச் செலவைச் சுமப்பவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. இந்தக் கட்டுரை அதற்கு நேராகப் பதில் சொல்லப் பார்க்கிறது. பதிலின் சுருக்கம் இதுதான்: 'மானிடவியலாளர்' என்ற பெயர்ப்பலகையோடு கிடைக்கும் வேலைகள் மிகக் குறைவு, மானிடவியல் தெரிந்தவர் இல்லாததால் கெட்டுப்போகும் வேலைகள் ஏராளம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டத் தெரிந்தவருக்கே இந்தப் படிப்பு சோறு போடும்.

மண்டை அளந்த காலம்

இந்தத் துறை சென்னைக்குப் புதிதல்ல. இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கியதே இந்த நகரத்தின் தெற்கு விளிம்பில்தான். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். நகருக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவின் குழு பின்னாளில் நடத்திய ஆய்வு, அங்கே கருவி செய்த மனிதரின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த முடிவு 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது.

உயிரோடிருக்கும் மனிதர்களை ஆராய்ந்த கதை அவ்வளவு பெருமைக்குரியதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், கையில் அளவுகோலோடு மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் வகுத்து, கிடைத்த எண்ணைக் கொண்டு சாதிகளைத் தட்டு தட்டாக அடுக்கலாம் என்று அன்றைய காலனிய அறிஞர்கள் நம்பினார்கள். கே. ரங்காச்சாரியின் துணையோடு தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்' ஏழு தொகுதிகள் கொண்டது. மூக்களவுக் கோட்பாடு செத்துவிட்டது. அந்த ஏழு தொகுதிகள் சாகவில்லை. அவை இன்றும் எங்கே உயிரோடிருக்கின்றன என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்த தலைமுறையில் காற்று மாறியது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அ. ஐயப்பன் 1940 முதல் 1960 வரை அதே அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தார். அளக்கப்பட்ட சமூகங்களில் ஒன்றான ஈழவர் சமூகத்தில் பிறந்த அவர், தன் சமூகத்தையே ஆராய்ந்து நூல் எழுதினார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1920 வாக்கில் தொடங்கிய மானிடவியல் கல்வி, 1940-களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. இந்திய மானிடவியல் மதிப்பாய்வகம் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான், 1945-இல்.

1954-55-இல் மில்டன் சிங்கர் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வழிகாட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகச் சமஸ்கிருதப் பேராசிரியர் வே. ராகவன். பழங்குடியைத் தேடி மலையேறாமல் நகரத்துக்குள்ளேயே களப்பணி செய்யலாம் என்பது அன்று புதுமை. பஜனை பாடும் குமாஸ்தாவையும் பூஜை செய்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகும் முதலாளியையும் பார்த்து, மரபும் நவீனமும் ஒன்றையொன்று ஒழித்துவிடுவதில்லை என்று அவர் வாதிட்டார். 1972-இல் நூலாக வந்த அந்த வாதத்துக்குச் சென்னையே களம்.

வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்

மானிடவியலுக்கு நான்கு கிளைகள் என்பது பழைய பாகுபாடு: உடலை ஆராயும் உயிரியல் மானிடவியல், வாழ்க்கை முறையை ஆராயும் சமூகப் பண்பாட்டு மானிடவியல், மண்ணுக்கடியில் தேடும் தொல்லியல், பேச்சை ஆராயும் மொழியியல். உயிரியல் கிளை இருப்பதால்தான் டெல்லி போன்ற இடங்களில் இது பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. பட்டமாகக் கிடைக்கிறது, சென்னையில் எம்.ஏ. ஒரே மாணவர் காலையில் எலும்புக்கூட்டை வைத்து வயதும் பாலும் கணிக்கப் பழகுவார். மாலையில் திருமணச் சடங்கைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்.

உறவுமுறைப் பாடம் தமிழ் மாணவருக்குச் சொந்த வீட்டுப் பாடம். முக்கோணம் போட்டால் ஆண், வட்டம் போட்டால் பெண், இரட்டைக் கோடு போட்டால் கல்யாணம். முதல் வாரத்திலேயே வீட்டு வம்சாவளியை வரையச் சொல்வார்கள். அத்தை மகனும் மாமன் மகளும் முறை. சித்தப்பா மகளும் பெரியம்மா மகனும் கூடப்பிறந்தவர்கள். நாம் யோசிக்காமல் சொல்லும் இந்தக் கணக்கை 1871-இலேயே அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் தன் பெருநூலில் பதிவு செய்தார். தமிழரின் முறைக் கணக்கும் நியூயார்க் பகுதியின் செனகா செவ்விந்தியரின் முறைக் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போவதைக் கண்டு அவர் வியந்தார். உறவுமுறை ஆய்வு என்ற துறையே எழுந்து நின்ற தூண்களில் ஒன்று நம் வீட்டு முறைப்பேச்சு.

உயிரியல் கிளையிலும் தமிழகத்துக்குப் பங்குண்டு. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தக் கோளாறு முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். எந்தச் சமூகம் யாரோடு மணஉறவு கொள்கிறது என்று தெரியாமல் அந்த நோயின் பரவலைப் புரிந்துகொள்ள முடியாது. ரத்தப் பரிசோதனையும் உறவுமுறை வரைபடமும் ஒரே கோப்பில் சேர வேண்டிய இடம் அது.

லூப் ரோட்டில் களப்பணி

இவை எல்லாவற்றையும்விடப் படிப்பின் உயிர் களப்பணி. கேள்வித்தாளை நீட்டி 'ஆம், இல்லை' என்று டிக் அடித்துவிட்டு வருவது களப்பணி அல்ல. போய் இருப்பது, பார்ப்பது, கூடவே வேலை செய்வது, அன்று இரவே எழுதி வைப்பது, இவைதான் அது.

பட்டினப்பாக்கத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையில் நொச்சிக்குப்பத்து லூப் ரோட்டை எடுத்துக்கொள்வோம். விடிகாலையில் ஃபைபர் படகு கரையேறுகிறது. மாணவர் முதலில் எழுதுவது மீனின் பெயர்களை: சங்கரா, நெத்திலி, வஞ்சிரம். இரண்டாம் நாள் ஏலத்தைக் கவனிக்கிறார். கடலுக்குப் போனவர் ஆண், விலை பேசுபவர் பெண். அடுத்து பங்குக் கணக்கு. டீசல் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு போக, படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு உண்டு. அதாவது கடலுக்குப் போகாத படகுச் சொந்தக்காரருக்கும் வருமானம் உண்டு. நொச்சிக்குப்பத்தில் மீன்பாடு இல்லாத நாளில் அந்தப் பெண்கள் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வருகிறார்கள். அதற்கான முதல் எங்கிருந்து வருகிறது? தண்டல்காரரிடமிருந்து. காலையில் வாங்கிய பணத்தை வட்டியோடு தினத் தவணையாக அடைக்க வேண்டும். மீன் வாங்கியவருக்கு அதை வெட்டிச் சுத்தம் செய்து தருபவர் வேறொரு பெண். அவருக்குக் கூலி தனி.

இவ்வளவு தெரிந்த பிறகுதான் 2023 ஏப்ரலில் அங்கே நடந்தது புரியும். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு எழுந்து, உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து மாநகராட்சி மீன்கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். கோப்பில் அது சாலை ஆக்கிரமிப்பு. குப்பத்துக்கோ அது படகு ஏற்றி, வலை உலர்த்தி, மீன் விற்று வந்த இடத்தின் மேல் பின்னால் வந்து விழுந்த சாலை. 2024-இல் அதே பகுதியில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. கடைகளுக்கு எவ்வளவு இடம் தேவை, மீன் வெட்டுபவர் எங்கே உட்காருவார், ஏலம் எங்கே நடக்கும் என்ற கேள்விகளுக்கு வரைபடம் போடும் பொறியாளரிடம் பதில் இருக்காது. ஒரு மாதம் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்தவரிடம் இருக்கும். அந்த ஒரு மாதத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதுதான் இத்துறையின் வேலைவாய்ப்புப் பிரச்சினை முழுவதும்.

எங்கே படிப்பது

சென்னையில் மானிடவியலை முறையாகப் படிக்க முதல் இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறை. முதுகலையும் முனைவர் ஆய்வும் அங்கே உண்டு. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களே பெரும்பாலும் முதுகலைக்கு வருகிறார்கள், ஏனென்றால் தமிழகக் கல்லூரிகளில் இளங்கலை மானிடவியலைக் காண்பதே அரிது. இளங்கலையில் நெருங்கிய பாடம் சமூகவியல். கதீட்ரல் சாலை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் அது இருக்கிறது. இளங்கலையிலிருந்தே மானிடவியல் வேண்டும் என்பவர் டெல்லி ஹன்ஸ்ராஜ் கல்லூரி போன்ற இடங்களைப் பார்க்க வேண்டும். முதுகலைக்குப் புதுச்சேரி, ஹைதராபாத், மைசூரு, திருப்பதி ஆகியவை எட்டும் தொலைவில் உள்ளன.

முனைவர் ஆய்வுக்கு அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் முக்கியமானது. மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கியது அது. பொருளாதாரத்துக்குப் பேர்போன அந்த இடத்தில் மானிடவியலாளர் கேரன் கோயெல்லோ பணியாற்றினார். அவர் ஆராய்ந்தது பழங்குடியை அல்ல, சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறியாளர்களை. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது போகிறது என்பதை முடிவு செய்யும் அலுவலக உலகமும் ஒரு களம்தான் என்று காட்டிய ஆய்வு அது. சென்னை ஐ.ஐ.டி.யின் மனிதப் பண்பியல் மற்றும் சமூக அறிவியல் துறையும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இத்தகைய ஆய்வு மாணவருக்கு அருகிலேயே கிடைக்கும் வசதிகள்.

தமிழகத்தின் தனிச்சிறப்பு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே மானிடவியல் வேலையில் பெரும்பங்கைச் செய்தவர்கள் மானிடவியல் துறைக்கு வெளியே இருந்தார்கள். நா. வானமாமலை, தொ. பரமசிவன், ஆ. சிவசுப்பிரமணியன், அ.கா. பெருமாள் ஆகியோர் நாட்டார் வழக்காறு என்ற பெயரில் கோயில் கொடை, சாமியாட்டம், உணவு, உப்பு எல்லாவற்றையும் எழுதினார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் அதற்கு இடம் கொடுத்தன. துறைக்குள்ளிருந்து தமிழில் தொடர்ந்து எழுதியவர்களில் பக்தவத்சல பாரதி முதன்மையானவர். 'பண்பாட்டு மானிடவியல்', 'தமிழர் மானிடவியல்', 'மானிடவியல் கோட்பாடுகள்' என்ற அவர் நூல்கள் இருப்பதால்தான் தமிழ் வழியில் படித்து வரும் மாணவர் இந்தத் துறைக்குள் நுழைய முடிகிறது.

அரசு வேலை: ஒரு சான்றிதழின் கனம்

மானிடவியல் பட்டத்தையே தகுதியாகக் கேட்கும் அரசுப் பணிகள் சில உண்டு. இந்திய மானிடவியல் மதிப்பாய்வகம் அவற்றில் பெரியது. அதன் தென்மண்டல மையம் மைசூருவில். 1985-இல் கே.எஸ். சிங் தலைமையில் தொடங்கிய 'இந்திய மக்கள்' திட்டத்தில் அந்த நிறுவனம் நாடெங்கும் 4,635 சமூகங்களைப் பதிவு செய்தது. அருங்காட்சியகத் துறையில் மானிடவியல் காப்பாட்சியர், உதகை முத்தோரைப் பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையம் ஆகியவை மற்ற வாய்ப்புகள். இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எப்போது அறிவிப்பு வரும் என்று காத்திருந்தே வயதைக் கடந்தவர்கள் உண்டு.

எண்ணிக்கை குறைவானாலும் அதிகாரம் சிறியதல்ல. தமிழகத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் 7.94 லட்சம் பேர், மக்கள் தொகையில் சுமார் 1.1 சதவீதம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் பட்டியலில் உள்ளவை. இவர்களில் ஒரு பிள்ளைக்குக் கல்லூரி இடமோ வேலையோ கிடைப்பது சாதிச் சான்றிதழைப் பொறுத்தது. அந்தச் சான்றிதழ் மெய்யா என்று பார்க்கும் சரிபார்ப்புக் குழுவில் மானிடவியலாளருக்கும் இடமுண்டு. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நடைமுறைப்படி, விண்ணப்பித்தவரின் குலதெய்வம், கல்யாணச் சடங்கு, இறப்புச் சடங்கு எல்லாம் அந்தப் பழங்குடியோடு ஒத்துப்போகிறதா என்று விசாரிக்க வேண்டும்.

ஒத்துப்போகிறதா என்று எதை வைத்துச் சொல்வது? பழைய இனவரைவு நூல்களை வைத்து. தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் உயிரோடிருப்பது இங்கேதான். 1909-இல் அச்சான வருணனையில் இல்லாத ஒரு வழக்கம் இன்று ஒரு வீட்டில் இருந்தால், அது காலமாற்றமா பொய்யா? தாத்தா காலத்தில் மலையிலிருந்து இறங்கிச் செங்கல்பட்டுப் பக்கம் வயல் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் குலச் சடங்கு தெரியாவிட்டால் அவன் பழங்குடி இல்லை என்று ஆகிவிடுமா? உச்ச நீதிமன்றமே 2023-இல் இந்த ஒப்புமைச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. சமூகம் மாறிக்கொண்டேயிருக்கும் என்பது மானிடவியலின் அரிச்சுவடி. அதைத் தெரிந்தவர் எழுதும் அறிக்கைக்கும் பழைய நூலைப் பார்த்து எழுதும் அறிக்கைக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் படிப்பு தொங்குகிறது.

தேர்வுக்குப் படிக்கும் மானிடவியல்

சென்னையில் மானிடவியல் பாடநூல் வாங்குபவர்களில் பலர் மானிடவியல் துறைக்கு வருவதில்லை. பயிற்சி மையத்துக்குப் போகிறார்கள். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் இது ஒரு விருப்பப் பாடம். தாளுக்கு 250 என இரண்டு தாள்களுக்கு 500 மதிப்பெண். எழுத்துத் தேர்வின் மொத்தம் 1,750. பாடத்திட்டம் அளவானது, படம் போட்டு விளக்கலாம், அறிவியல் படித்தவருக்கும் பிடிபடும் என்பதால் பொறியாளர்களும் மருத்துவர்களும் இதை விரும்பி எடுக்கிறார்கள். 2017 தேர்வில் இந்திய அளவில் முதலிடம் பெற்ற அனுதீப் துரிஷெட்டி பொறியியல் பட்டதாரி. அவர் எடுத்த விருப்பப் பாடம் மானிடவியல். கிரீன்வேஸ் சாலையில் தமிழக அரசு நடத்தும் குடிமைப் பணிப் பயிற்சி மையத்தின் நூலகத்திலும், அண்ணா நகர் விடுதி அறைகளிலும் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியின் பெயர் அடிபடுவது இதனால்தான்.

இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. நாளை மாவட்ட ஆட்சியராகப் போகிறவர் பழங்குடிகள் பற்றிப் படித்து எழுதிவிட்டுப் போவது நல்லதே. ஆனால் அந்தத் தேர்வில் களப்பணி கிடையாது. ஒரு குடிசைக்குள் உட்காராமலே ஐந்நூறு மதிப்பெண்ணுக்கு எழுதலாம். ஆகவே குடிமைப் பணித் தேர்வுக்காகவே முதுகலை மானிடவியலில் சேர நினைப்பவருக்குச் சொல்ல வேண்டியது: அதற்குப் பட்டம் தேவையில்லை. பட்டத்துக்கு வருவதென்றால் தேர்வில் இல்லாத அந்தப் பகுதிக்காக வர வேண்டும்.

மருத்துவம், குடியிருப்பு, கணினி

மருத்துவத் துறையில் தேவை பெரிது. வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று 1950-களின் இறுதியில் உலகுக்குக் காட்டிய ஆய்வு நடந்தது சென்னையில்தான். சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை என்றானதும் கேள்வி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு இடம் மாறியது. மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று யார் ஒளித்து வைக்கிறார்கள், மருமகளுக்கு வந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்களா? இவை மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்புக்குக் கேட்காதவை. 1986-இல் சுனிதி சாலமன் குழு இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலில் கண்டறிந்ததும் இங்கேதான். அதன் பின் அடையாறு தரமணி வட்டாரத்து நிறுவனங்கள் நடத்திய தடுப்புத் திட்டங்களுக்கு லாரி ஓட்டுநர், பாலியல் தொழிலாளர், திருநங்கையர் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். பொதுச் சுகாதார ஆய்வு நிறுவனங்களில் 'சமூக ஆய்வாளர்', 'கள மேற்பார்வையாளர்' என்ற பெயரில் வரும் பணிகள் இந்த வகை.

குடியிருப்பும் போக்குவரத்தும் அடுத்த களம். 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் ஆற்றங்கரைக் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. மயிலாப்பூரிலும் அடையாறிலும் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து வந்த பெண்ணுக்கு அங்கே நல்ல சுவர் கிடைத்தது, வேலை பறிபோனது. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தரும் ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை மறுகுடியமர்வு ஆய்வைக் கேட்கின்றன. ஆலோசனை நிறுவனங்கள் அதற்கு ஆள் எடுக்கின்றன. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியபோது இந்த வேலைகள் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். தமிழகம் நெடுஞ்சாலை, தொழில் நோக்கம் முதலான தன் சொந்தச் சட்டங்களுக்கு விலக்குப் பெற்றதால் அந்தக் கதவு பாதிதான் திறந்தது. இந்த வேலைகளில் ஓர் அறச்சிக்கலும் உண்டு: ஆய்வுக்குப் பணம் தருபவர் அந்தத் திட்டத்தை நடத்துபவரே. 'இடம் மாற்றினால் இவர்கள் பிழைப்பு கெடும்' என்று எழுதினால் அடுத்த ஒப்பந்தம் வருமா என்ற கேள்வி ஒவ்வொரு அறிக்கையின் மேலும் நிற்கிறது.

தி.நகர் இன்னொரு வகை. பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களை 2013-இல் மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். போகிற போக்கில் ஹேர்பின் வாங்குபவர் அதற்காக மாடி ஏறுவாரா என்பது கட்டடக்கலைக் கேள்வி அல்ல. ரங்கநாதன் தெருக் கடைகளில் தென்மாவட்டப் பிள்ளைகள் நாள் முழுக்க நின்றே வேலை செய்வதைக் கோடிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் சட்டம் வந்தது 2021-இல். கண்ணெதிரே இருப்பதைக் கவனத்துக்குக் கொண்டுவருவது இந்தப் படிப்பின் பயிற்சி.

தனியார் துறை இதை வேறு பெயரில் வாங்குகிறது. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1980-களில் மானிடவியலாளர் லூசி சச்மன், நகலெடுக்கும் இயந்திரத்தோடு மக்கள் திண்டாடுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். இன்டெல் 1998-இல் ஜெனிவீவ் பெல்லைச் சேர்த்துக்கொண்டது. ஓ.எம்.ஆர். கணினி நிறுவனங்களில் 'யூஸர் ரிசர்ச்' என்று அழைக்கப்படும் வேலையின் மூதாதையர் இவர்கள். கடன் செயலி ஒன்றைச் செய்பவர்கள், நொச்சிக்குப்பத்துப் பெண் தண்டல்காரரிடம் ஏன் போகிறார், வங்கிக்கு ஏன் போவதில்லை என்று தெரியாமல் செய்தால் அது யாருடைய போனிலும் தங்காது. விளம்பரமும் சந்தை ஆய்வும் இதே திறனைக் கேட்கின்றன.

தடயவியல் பற்றியும் ஒரு வார்த்தை. மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கும் தமிழகத் தடய அறிவியல் துறை, பி. சந்திரசேகரன் காலத்தில் மண்டையோட்டையும் புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஆளை அடையாளம் காணும் முறைக்குப் பெயர்பெற்றது. உயிரியல் மானிடவியலில் ஆர்வமுள்ளவருக்கு இது ஒரு பாதை; ஆனால் தனியே தடயவியல் பட்டமும் வேண்டியிருக்கும்.

இரண்டாவது கைத்தொழில்

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. கல்லூரிப் பேராசிரியர் பணி அரிது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். ஆய்வு முடிந்த பின் நிரந்தர இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தொண்டு நிறுவனம், பொதுச் சுகாதாரம், மறுகுடியமர்வு ஆய்வு ஆகியவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் சம்பளமும் நிற்கும். தனியார் நிறுவனத்தில் பணம் உண்டு. ஆறு மாதம் உட்கார்ந்து பார்க்க நேரம் கிடையாது. மரபுக் கலைகளைக் காத்து வரும் முட்டுக்காடு தட்சிணசித்ராவைப் போன்ற இடங்களில் மனநிறைவு உண்டு, இடம் குறைவு.

ஆகவே மானிடவியலோடு இன்னொரு கைத்தொழிலும் தெரிந்தவரே நிலைக்கிறார். புள்ளியியல் தெரிந்த மானிடவியலாளருக்குச் சுகாதார நிறுவனம் இடம் தரும். சட்டம் படித்தவருக்கு வன உரிமை வழக்குகளும் சான்றிதழ் வழக்குகளும் காத்திருக்கின்றன. வரைபட மென்பொருள் தெரிந்தவர் குப்பத்தின் வலை உலர்த்தும் இடத்தைக் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் ஏற்றிக் காட்ட முடியும். கேமரா தெரிந்தவர் ஆவணப்படத்துக்குப் போகலாம். நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இதழியலும் பதிப்பும் உண்டு. படிக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அந்த இரண்டாவது தொழிலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு தேடத் தொடங்கினால் பயிற்சி மையத்து வரிசையில்தான் போய் நிற்க நேரும்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளைக்கு இந்தத் துறை பொருந்துமா என்று அறியச் செலவில்லாத வழி இருக்கிறது. விடுமுறையில் ஒரு மாதம், ஒரே இடத்துக்கு, தினமும் போகச் சொல்லுங்கள்: மந்தைவெளிப் பேருந்து நிலையம், வடக்கு மாடவீதிக் கொலு பொம்மைக் கடை, ஊரூர் குப்பம், எதுவானாலும். தினமும் இரண்டு பக்கம் எழுதட்டும். பத்தாம் நாள் 'எழுத ஒன்றுமில்லை' என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு வேறு படிப்பு நல்லது. முப்பதாம் நாளும் கேள்வியோடு வரும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

கல்லூரிகளுக்கு ஒன்று. தனி மானிடவியல் துறை தொடங்கப் பணமும் பேராசிரியரும் வேண்டும். அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையின் ஒவ்வொரு கலைக் கல்லூரியும் எந்த இளங்கலைப் பாடத்தோடும் சேர்த்து, தமிழில் எழுதக்கூடிய ஒரு பருவக் களப்பணித் தாளை வைக்கலாம். வணிகவியல் மாணவர் தண்டல் கணக்கை எழுதுவார். கணினி மாணவர் மீன் விற்கும் பெண்ணின் போனில் எந்தச் செயலி நிலைக்கிறது என்று பார்ப்பார். அந்த ஏடுகளைக் கல்லூரி நூலகம் சேர்த்து வைத்தால் பத்தாண்டில் தென்சென்னையைப் பற்றித் தமிழில் ஒரு பெரும் பதிவு உருவாகிவிடும். லூப் ரோட்டைப் போல அடுத்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் நாளில், மாநகராட்சியின் வரைபடத்தோடு அந்த ஏடுகளையும் எடுத்து வைத்து வாதாட வழி பிறக்கும்.